சரக்கு தீராத கடையில் என்ன அவசரம்?

கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் நான் வருஷக்கணக்கில் ஒப்பிக்கிற பாட்டு ஒன்று உண்டு. "கவலைப்படாதீங்க, கணக்கில் இருந்து பணம் போய், கடைக்காரருக்குச் சேரலைன்னா அஞ்சு நாளில் தானா திரும்பி வந்துடும்." இங்கே டெல்லியில் இதை ஹிந்தியில் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லி முடித்ததும் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். காலேஜ் படிக்கிற வயசு. ஏதோ ஆன்லைன் சேலில் பணம் கட்டியிருக்கிறான், பணம் போய்விட்டது, பொருள் வரவில்லை. வழக்கமான பாட்டைப் பாடினேன். அவன் நகரவில்லை. "ஸர், பைஸா தோ ஆ ஜாயேகா, லேகின் சேல்?" என்றான். பணம் வந்துடும் ஸார், சேல் திரும்ப வருமா என்று கேட்கிறான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது எங்க டிபார்ட்மென்ட் இல்லப்பா என்று அனுப்பி வைத்தேன்.

அந்தச் சிரிப்புக்கான பலன் இரண்டு மாதம் முன்னால் என் வீட்டிலேயே கிடைத்தது. :-)

என் பையன் பத்தாம் வகுப்பு. ஒரு வீடியோ கேமை ஒரு வருஷமாக விஷ்லிஸ்டில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். விலை 2,999 ரூபாய். அதற்கு 67 சதவீதம் தள்ளுபடி வந்தது. 989 ரூபாய். ஸ்ரீரங்கத்தில் இருந்து பாட்டி கிளம்பும்போது கையில் வைத்த ஐநூறு, மீதி அவனே சேர்த்தது. ஆயிரம் ரூபாயை ரொக்கமாக என் கையில் கொடுத்து, "உங்க போனில் கட்டுங்கப்பா, பாக்கி பதினொரு ரூபாய் நீங்களே வெச்சுக்கோங்க" என்றான். வங்கிக்காரன் பிள்ளை!

எந்தக் கடை, எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. ஒரு கடையைத் திட்ட எழுதும் பதிவு இல்லை இது. சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணியோடு சேல் முடிகிறது. ஆபீஸ் வேலை, அப்புறம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என்று நான் தள்ளிப்போட்டு, கடைசியில் 12.40க்குத்தான் உட்கார்ந்தோம். யூபிஐயில் கட்டினேன். 12.41க்குப் பணம் போய்விட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது. கடையின் திரையில் மட்டும் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அப்பா, இன்னொரு தடவை கட்டிடலாமா?"

"இருடா. ரெண்டு தடவை போயிடும். ஸ்டேட்டஸ் வரட்டும்."

இருபது வருஷ அனுபவம் பேசியது. வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்கிற அறிவுரையும் அதுதான், தப்பில்லாத அறிவுரை. ஆனால் பக்கத்தில் கவுண்ட்டவுன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பையன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. 1.30க்குக் கடிகாரம் பூஜ்யம் ஆனது. ஒரு நிமிஷத்தில் 989 போய் 2,999 வந்தது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "உங்கள் கட்டணம் தோல்வியடைந்தது" என்று ஒரு மெயில்.

செவ்வாய்க்கிழமை பணம் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. என் பாட்டு பலித்துவிட்டது. கேம்தான் வரவில்லை. கடையின் உதவிப் பிரிவுக்கு எஸ்எம்எஸ், பரிவர்த்தனை எண் எல்லாம் வைத்து எழுதினேன். "சேல் முடிந்துவிட்டதால் உதவ இயலவில்லை, உங்கள் பொறுமைக்கு நன்றி." மறுபடி எழுதினேன். அதே வாசகம், கீழே கையெழுத்து மட்டும் வேறு பெயர்.

இது ஆயிரம் ரூபாய் சமாச்சாரம், இதற்கு ஒரு பதிவா என்று நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அந்தக் காலேஜ் பையன் கேட்ட கேள்வி மண்டையில் உட்கார்ந்துகொண்டது. யோசிக்க யோசிக்க, அது எங்க டிபார்ட்மென்ட் இல்லைதான். ஆனால் யாருடைய டிபார்ட்மென்ட்டும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

முதலில் என் டிபார்ட்மென்ட்டில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. தோல்வியடைந்த பரிவர்த்தனைகளில் பணத்தை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்கிற கணக்கு அது. ஆன்லைன் கடையில் கார்டு மூலமோ யூபிஐ மூலமோ கட்டி, நம் கணக்கில் இருந்து பணம் போய், கடைக்கு உறுதிச் செய்தி சேரவில்லையா? பரிவர்த்தனை நாளோடு ஐந்து நாள், வங்கி பாஷையில் டி பிளஸ் 5. அதற்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். நல்ல விதி. இந்த விதிக்கு முன்னால் பணத்துக்காக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் விதி காப்பாற்றுவது பணத்தைத்தான். அந்தப் பணத்துக்கு நேற்று ராத்திரி என்ன வாங்க முடிந்ததோ அதைக் காப்பாற்றவில்லை. 989 ரூபாய் திரும்பி வருகிறது. ஆனால் அதை வைத்து அந்தக் கேமை வாங்க முடியாது. என் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் பூஜ்யம். பையன் கணக்கில் 2,010 ரூபாய்.

ஏன் இப்படி ஆகிறது? யூபிஐயில் நாம் பின் நம்பரை அடித்ததும், நம் செயலி, நம் வங்கி, நடுவில் என்பிசிஐ, கடைக்காரரின் வங்கி, அதற்கும் கடைக்கும் நடுவில் பேமென்ட் கேட்வே, கடைசியில் கடையின் கம்ப்யூட்டர் என்று கை மாறிப் போகிறது. ஏதாவது ஒரு கை தாமதித்தால் அடுத்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். பணம் கிளம்பியிருக்கும், செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. பல வங்கிகளில் நாள் கணக்கை முடிக்கிற வேலை, சர்வர் பராமரிப்பு எல்லாம் நள்ளிரவை ஒட்டித்தான் நடக்கும். இந்தக் கடைகளின் கடிகாரமோ பெரும்பாலும் வெளிநாட்டுக் கடிகாரம். ஸ்டீமின் பெரிய சேல்கள் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்குத் தொடங்கி, அதே நேரத்துக்கு முடியும். அங்கே காபி குடிக்கிற நேரம். நமக்குக் கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. கடைசி நேரக் கூட்டமும் நம் வங்கிகளின் பராமரிப்பு வேலையும் ஒன்றாக வந்து மோதுகிற நேரம்.

ஆன்லைன் கேம் கடைகளின் சேல் என்பதே மோசடி என்று சொல்ல வரவில்லை. நான் முதல் தடவை டெல்லி போஸ்டிங்கில் இருந்தது 2005 வாக்கில். அப்போது கனாட் பிளேஸில் பூமிக்கு அடியில் இருக்கிற பாலிகா பஜாருக்குப் போனவர்களுக்குத் தெரியும், கேம் சிடி என்றாலே திருட்டு சிடிதான். ஒரிஜினல் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். 2003ல் வால்வ் நிறுவனம் தொடங்கிய ஸ்டீம் 2015ல்தான் இந்தியாவுக்கு ரூபாயில் விலை போட்டது. அதற்கு முன் டாலர் விலை, அதற்கு மேல் வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணம். ரூபாய் விலையும் தள்ளுபடியும் வந்த பிறகுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கப் பழகினார்கள். 2020ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது பெரிய கேம்களின் விலை 4,999 ரூபாய். தள்ளுபடி இல்லாவிட்டால் நடுத்தர வர்க்கத்துப் பையன் என்ன செய்வான்? பழைய வழிக்குத்தான் போவான். ஆகவே தள்ளுபடி நல்லது. என் சண்டை கடிகாரத்தோடுதான்.

பி.காம் படித்தவன் என்கிற முறையில் ஒரு சின்னப் பாடம். தள்ளுபடி எதற்குக் கொடுக்கிறார்கள்? மொத்தமாக வாங்கினால் ஒரு தள்ளுபடி. உடனே காசு கொடுத்தால் ஒரு தள்ளுபடி. இன்னொன்று, தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்கு. நம் ஆடித் தள்ளுபடி அந்த ரகம். ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம், தீபாவளிக்குப் புதுச் சரக்கு வருவதற்குள் பழையது காலியாக வேண்டும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் நான்கு பேர் ஒரே புடவையைப் பிடித்து இழுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. இருப்பது ஒரே புடவை!

தத்கால் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லித் தமிழனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்குப் பணம் கட்டும்போது தொங்கிப்போய், பணம் போய், டிக்கெட் வராமல் வயிறெரிந்தவர்கள் நம்மில் ஆயிரம் பேர். ஆனால் அங்கே ஒரு சமாதானம் இருக்கிறது. அந்த பெர்த்தில் இன்னொருவர் ஏறிப் போயிருப்பார். எனக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அவரை இறக்கிவிட வேண்டும்.

கேமில் யாரை இறக்கிவிட வேண்டும்? யாரையும் இல்லை. அது ஒரு கோப்பு. பத்து பேருக்கு விற்றாலும் பத்து லட்சம் பேருக்கு விற்றாலும் கிட்டங்கியில் எதுவும் குறையப் போவதில்லை. சரக்கு தீராத கடையில், "சீக்கிரம், சீக்கிரம்" என்கிற கடிகாரத்துக்கு ஒரே வேலைதான். நம்மை யோசிக்க விடாமல் வாங்க வைப்பது. வியாபாரத்தில் அது சகஜம், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவசரத்தை உண்டாக்கியது கடை. அந்த அவசரத்தில் பணம் தொங்கினால் அதன் நஷ்டம் மட்டும் எப்படி வாடிக்கையாளருடையது ஆகும்?

என் கோரிக்கை ஒரே வரி. சேல் முடிவதற்குள் பணம் கட்டத் தொடங்கி, கணக்கில் இருந்து பணம் போய், பரிவர்த்தனை தோற்றிருந்தால், அந்த வாடிக்கையாளருக்கு அந்தப் பொருளின் சேல் விலையை ஐந்து நாள் நிறுத்தி வைக்க வேண்டும். பணம் திரும்ப ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கிற அதே ஐந்து நாள். பணம் வந்ததும் அவர் பழைய விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும்.

கேட்டால் மூன்று பதில்கள் வரும் என்று தெரியும். நானே கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் ஆயிற்றே.

ஒன்று: எல்லோரும் வேண்டுமென்றே பணத்தைத் தோற்க வைப்பார்கள். எப்படி? பணம் கணக்கில் இருந்து போயிருக்க வேண்டும், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்க வேண்டும், கடையின் ஏட்டில் அந்த ஆர்டர் பதிவாகியிருக்க வேண்டும். இதையெல்லாம் வேண்டுமென்றே செய்ய முடிந்தவர் 2,000 ரூபாய்க்காக மெனக்கெட மாட்டார்.

இரண்டு: விலையைத் தீர்மானிப்பது கேமைத் தயாரித்த கம்பெனி, கடை அல்ல. சரி, தயாரிப்பாளரோடு சேல் ஒப்பந்தம் போடும்போதே இந்த ஐந்து நாளையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போயிற்று. ஸ்டீம் தன் கடையில் தயாரிப்பாளர்களுக்கு எத்தனையோ தள்ளுபடி விதிகள் வைத்திருக்கிறது. ஒரு தள்ளுபடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வேண்டும், விலையை ஏற்றிவிட்டு உடனே தள்ளுபடி போடக் கூடாது என்று. அத்தனை விதியில் இன்னொன்று பாரமா?

மூன்று: என்ன ஸார், அடுத்த சேல் வந்துவிடப் போகிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பதில். அடுத்த சேலில் அதே விலை வரும் என்றால், இந்தக் கடிகாரம் எதற்கு? இந்த ஐந்து நாளைக் கொடுப்பதில் கடைக்கு என்ன நஷ்டம்? வராது என்றால், என் பிள்ளைக்கு நிஜமாகவே நஷ்டம் ஆகியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

இது நடக்காத காரியமும் இல்லை. ஸ்டீமின் ரீஃபண்ட் விதியைப் பாருங்கள். வாங்கிப் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். முழு விலைக்கு வாங்கிய மறுநாளே சேல் வந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேல் விலைக்கு மறுபடி வாங்குவதைத் தவறாகக் கருத மாட்டோம் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். முந்தி வாங்கியவருக்குச் சேல் விலையைக் கொடுக்க முடிகிறது. பணம் தொங்கிப் பிந்தியவருக்கும் ஒரு கடையால் கொடுக்க முடியாதா?

அந்த ரீஃபண்ட் விதி வந்த காலத்தையும் கவனியுங்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014ல் வால்வ் மீது வழக்குப் போட்டது. ஸ்டீமில் இந்த ரீஃபண்ட் முறை வந்தது 2015 ஜூனில். 2016ல் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லி 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் போட்டது. நெதர்லாந்தில் 2024ல் எபிக் கேம்ஸுக்கு 11 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம். ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் இருக்கிற கடையில் காட்டிய கவுண்ட்டவுன் கடிகாரங்கள் குழந்தைகளை அவசரப்படுத்தின, கடிகாரம் முடிந்த பிறகும் சில பொருள்கள் கிடைத்தன என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்தில் இருந்து, தள்ளுபடி என்று போட்டால் அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த குறைந்த விலையையும் காட்ட வேண்டும். அரசாங்கம் கேட்டால் கடைகள் கேட்கும்.

நம் நாட்டிலும் அரசாங்கம் சும்மா இல்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் ஏமாற்று உத்திகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பட்டியலில் 13 உத்திகள், முதலிலேயே இருப்பது பொய்யான அவசரம். ஆனால் அவசரம் பொய்யா நிஜமா என்பதோடு அது நின்றுவிடுகிறது. கடிகாரம் நிஜமாகவே ஒன்றரைக்கு நின்றால் கடை நிரபராதி. பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் ஐந்து நாள் விதி, கடிகாரத்துக்கு நுகர்வோர் ஆணையத்தின் விதி. இரண்டுக்கும் நடுவில் என் பையனின் 989 ரூபாய் விழுந்துவிட்டது. இரண்டு அலுவலகங்களும் உட்கார்ந்து பேசினால் ஒரு டீ சாப்பிடுகிற நேரத்தில் முடிக்கலாம்.

அது நடக்கிற வரைக்கும் ஒரு வங்கிக்காரன் சொல்லக் கூடியது இவ்வளவுதான்:

1. சேலில் கடைசி நாள் வாங்காதீர்கள். சேல் நடக்கிற வரை சரக்கு தீராது. அதனால் பகல் நேரத்தில், முதல் இரண்டு நாளில் வாங்குங்கள். என்னைப் போலத் தள்ளிப்போடாதீர்கள்.

2. கடையில் வாலட் வசதி இருந்தால், சேல் முடிய ஒரு நாள் முன்பே பணத்தைப் போட்டு வையுங்கள். வாங்கும்போது வங்கி வழியே போக வேண்டியதில்லை. ஆனால் தேவையான தொகை மட்டும். ஸ்டீம் வாலட்டில் நேரடியாகப் போட்ட பணத்தை, அதில் கொஞ்சமும் செலவழிக்காமல் இருந்தால், 14 நாளுக்குள் திரும்பக் கேட்கலாம். எல்லாக் கடையும் அப்படி இல்லை.

3. பணம் தொங்கினால் கடையின் திரை, எஸ்எம்எஸ், பரிவர்த்தனை எண் மூன்றையும் உடனே படம் எடுத்து வையுங்கள், கடிகாரம் தெரிகிற மாதிரி.

4. ஐந்து நாள் தாண்டினால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன். கடை மீதான புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. மீதி 2,010 ரூபாயை நான் போட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். அன்றைக்குத் தள்ளிப்போட்டதும், "இருடா" என்றதும் நான்தானே. பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "வேண்டாம்பா, அதுக்கு 2,999 குடுத்தா நாமதான் முட்டாள்" என்றான். ஆயிரம் ரூபாயைத் திருப்பி வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டான். அடுத்த சேலுக்குக் காத்திருக்கிறான்.

அலுவலகத்தில் ஒரு சின்ன மாற்றம். போன வாரம் ஒரு அம்மா இதே மாதிரிப் புகாரோடு வந்தார். ஐந்து நாள் பாட்டைப் பாடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். "என்ன வாங்கப் போனீங்க? அந்த விலை இன்னும் இருக்கா?" பிள்ளைக்குப் பிறந்தநாளுக்காம், சேல் அன்று ராத்திரியோடு முடிகிறதாம். பரிவர்த்தனை எண்ணோடு, பணம் கணக்கில் இருந்து போன நேரத்தைக் குறித்து ஒரு தாளில் எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தேன், கடைக்கு அனுப்பச் சொல்லி. கடை கேட்குமா என்று தெரியாது. ஆனால் அடுத்த டோக்கனைக் கூப்பிடும்போது இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.